ஓதலும் ஒழுகலும்
இஸ்லாமியத் தொடக்கப்பள்ளிகளின் ஒழுக்கப்பாடம் குறித்துச் சில கருத்துக்கள்

கல்வியின் பயன் யாதென வினவின், ஒழுக்கமே என விடை பகர்வர் பெரியோர். ஆயினும் ஒழுக்கத்தை ஒரு பாடமாக வகுத்துக் கற்பித்தல் இயலுமா, இயலுமாயின் எவ்வாறு என்பது எச்சமயத்தார் நடத்தும் பள்ளிக்கும் பொதுவாகிய ஐயமாகும். அவ்வையத்தை, நீலகிரி மலையில் இஸ்லாமியச் சிறுவர் சிறுமியர் பயிலும் பள்ளிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒருவாறு ஆராய்தலே இச்சிறு கட்டுரையின் நோக்கம். கிறிஸ்தவராகிய நாம் இப்பொருளை எடுத்துக்கொள்ளக் காரணமாயிருந்த நிகழ்ச்சியை முதற்கண் கூறுதல் பொருத்தமுடைத்து.

சென்ற டிசம்பர் விடுமுறையிற் குன்னூரில் உறவினர் இல்லத்தில் தங்கியிருந்தோம். பொழுது புலருமுன்னரே, பனி மூடிய படிக்கட்டுப் பாதையில், கம்பளிச் சட்டையும் தொப்பியும் முக்காடுமாகச் சிறு பிள்ளைகள் நெஞ்சோடு நூல்களை அணைத்துக்கொண்டு பள்ளிவாசலை நோக்கிச் செல்வதை நாள்தோறும் கண்டோம். அவர்களுள் ஒருவனுடைய தமையனார் நமக்குப் பழக்கமானவராதலின், அவர் வாயிலாக ஒரு நாள் அம்மக்தபினுள் சென்று அமரும் பேறு வாய்த்தது. ஹஜ்ரத் அவர்கள் நம்மை இன்முகத்தோடு வரவேற்றுப் பாய் விரித்து இருத்தினார்கள். ஐந்தாம் வகுப்பிற் படிக்கும் சிறுமி ஒருத்தி, நீண்டதோர் அத்தியாயத்தைத் தடையின்றி இனிய குரலில் ஓதி முடித்தாள். அதன் பொருள் யாதெனக் கேட்டோம். அவள் தலை கவிழ்ந்தாள். ஹஜ்ரத் அவர்கள் புன்னகையுடன், "அம்மா, வாங்கும்போது நிறைய அளந்து வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்கிறவர்களைக் கண்டிக்கிற அத்தியாயம் இது" என்று நல்ல தமிழில் விளக்கினார்கள். சிறுமி நிமிர்ந்து பார்த்தாள். "ஹஜ்ரத், எங்க அம்மா பறிக்கிற இலையை எடை போடுறாங்களே, அதுக்கும் இது உண்டா?" என்றாள். அவள் தாய் தேயிலை பறிக்கும் கூலியாள். ஹஜ்ரத் அவர்கள் சிறிது நேரம் வாளாவிருந்து, பின், "அதுக்கும் உண்டும்மா. நாளைக்கு நீ கடை வைத்தால் உனக்கும் உண்டு" என்றார்கள்.

அவ்வொரு நாழிகையில் நாம் கற்றது பெரிது. இரண்டாண்டாக அச்சிறுமியின் நாவில் இருந்த பாடம், அன்று காலைதான் அவள் வீட்டு வாயிலைக் கண்டது.

நிற்க. இதனைக் குறையாகச் சுட்டிக் காட்டுதல் நம் கருத்தன்று. நாமும் இக்குறைக்கு உட்பட்டவரே. நமது பத்தாம் பிராயத்தில், ஞாயிற்றுப்பள்ளி ஆண்டு விழாவில், அன்பைக் குறித்த திருமறை அதிகாரம் ஒன்றைப் பிழையின்றி ஒப்பித்து முதற்பரிசு பெற்றோம். பரிசாகக் கிடைத்த வண்ணப் பென்சிற் பெட்டியை அன்று மாலையே தங்கை ஒரு முறை தொட்டுப் பார்க்கக் கேட்டபோது, கொடோம் என மறுத்து அவளை அழவைத்தோம். நாவுக்கும் கைக்கும் இடையே உள்ள தூரம் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளுக்கும் ஒன்றேயாம்.

பள்ளிகளின் வகை

இஸ்லாமியத் தொடக்கக் கல்வி நம் நாட்டில் இருவகைப்படும். ஒன்று, பள்ளிவாசலைச் சார்ந்த மக்தப் அல்லது மத்ரஸா. ஜமாஅத்தாரின் சந்தாவைக்கொண்டு நடப்பது; காலையிலோ மாலையிலோ ஓரிரு மணி நேரம் கூடுவது. பிள்ளைகள் எஞ்சிய பொழுதில் அரசினர் பள்ளிக்கோ வேறு பள்ளிக்கோ செல்வர். மற்றொன்று, கணிதம், மொழி, அறிவியல் முதலிய பொதுப் பாடங்களோடு மார்க்க போதனையையும் ஒரே கூரையின்கீழ் நடத்தும் முழுநேரத் தொடக்கப்பள்ளி. முன்னதில் நேரம் சிறிது, பாடம் ஒன்று. பின்னதில் நேரம் உண்டு, பாடங்கள் பல.

இவ்விரண்டிற்கும் சட்டத்தின் நிலையும் வேறு. இந்திய அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு சிறுபான்மையோர்க்குத் தாம் விரும்பும் கல்விச் சாலைகளை அமைத்து நடத்தும் உரிமையை அளிக்கின்றது. முற்றும் அரசினர் பொருளால் நடைபெறும் பள்ளியிற் சமய போதனை கூடாதென்றும், அரசின் உதவி பெறும் பள்ளியிற் பெற்றோர் இசைவின்றி எப்பிள்ளையையும் அதற்கு உட்படுத்தலாகாதென்றும் 28ஆம் பிரிவு விதிக்கின்றது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சமய போதனையையே முதன்மையாகக் கொண்ட மத்ரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் தன் எல்லைக்கு வெளியே நிறுத்திற்று. எனவே மக்தபின் பாடத்திட்டத்தை வகுக்கும் பொறுப்பு அதனை நடத்துவோர் தலைமேலேயே நிற்கின்றது. இஃது உரிமை, உரிமையாதலின் கடமையுமாம்.

முன்னோர் கருத்து

ஒழுக்கத்தை முன்வைத்துப் பாடம் வகுத்தல் இஸ்லாமிய உலகிற்குப் புதிதன்று. இமாம் கஸ்ஸாலி (1058–1111) தமது பெருநூலாகிய இஹ்யாவில் மக்களை வளர்க்கும் முறைக்கென ஒரு பகுதியே ஒதுக்கியுள்ளார். குழந்தையின் உள்ளம் எவ்வுருவும் செதுக்கப்பெறாத மணியை ஒக்கும் என்பதும், எப்பக்கம் சாய்க்கின் அப்பக்கம் சாயும் என்பதும் அவர் கருத்து. உண்ணும் முறை, உடுக்கும் முறை, பேசும் முறை ஆகியவற்றினின்றே அவர் தொடங்குகின்றார். பாடம் முடிந்தபின் பிள்ளையை விளையாட விடல் வேண்டும். ஓயாது படிக்கச் செய்தல் உள்ளத்தை மாய்த்துவிடும் என்று எச்சரிக்கவும் செய்கின்றார். ஒன்பது நூற்றாண்டுகட்கு முன் எழுதப்பட்ட இவ்வெச்சரிக்கை, விடியலில் மக்தபும் பகலிற் பள்ளியும் மாலையில் தனிப்பாடமுமாக அலையும் இக்காலப் பிள்ளைகட்கு எத்துணைப் பொருந்துகின்றது!

வரலாற்றுப் பேராசிரியராகிய இப்னு கல்தூன் (1332–1406), தமது முகத்திமா என்னும் நூலிற் பல நாட்டுப் பள்ளிமுறைகளை ஒப்பிட்டுக் காட்டுகின்றார். வடமேற்கு ஆப்பிரிக்க நாட்டார் குர்ஆன் ஓதுதல் ஒன்றையே பிள்ளைகட்குக் கற்பித்தனர். ஸ்பெயின் நாட்டு முஸ்லிம்களோ அதனோடு எழுத்து, கவிதை, மொழி ஆகியவற்றையும் சேர்த்துக் கற்பித்தனர். முதலில் மொழியும் கவிதையும், பின்னர்க் கணக்கும், அதன்பின் வேதமும் கற்பித்தல் நலம் என்று காழி அபூபக்ர் இப்னுல் அரபி கூறியதை எடுத்துக் காட்டி, அது நல்ல முறையே என ஒப்புக்கொள்ளுகின்றார். எனினும் வயது முதிர்ந்தபின் பிள்ளை கைக்குள் நில்லாது போதலுங் கூடுமாகலின், இளமையில் ஓதப் பழக்கும் வழக்கத்திற்கும் காரணம் உண்டென நடுநிலையோடு விளக்குகின்றார். அடித்துக் கற்பிக்கும் முறையை அவர் கடுமையாக மறுக்கின்றார். அம்முறையில் வளரும் பிள்ளை பொய்யும் வஞ்சமும் கற்று, ஊக்கம் இழந்துபோம் என்பது அவர் துணிபு. ஒழுக்கப்பாடத்தைப் பிரம்பினாற் புகட்டுதல் அவ்வொழுக்கத்தையே கொன்றுவிடும் என்பது இதனாற் பெறப்படும்.

தமிழ் நாட்டினும் இவ்வுணர்ச்சிக்குக் குறைவில்லை. உமறுப்புலவர் நபிகள் நாயகத்தின் வாழ்க்கையைச் சீறாப்புராணமாகத் தமிழிற் பாடினமையும், அரபு எழுத்தால் தமிழை எழுதும் அரபுத்தமிழ் என்னும் முறை தோன்றி, கீழக்கரைச் செய்யிது முகம்மது ஆலிம் (1816–1898) போன்ற அறிஞர் அதில் நூல்கள் இயற்றினமையும், மார்க்கத்தின் பொருளைத் தாய்மொழியில் உணர்த்தல் வேண்டும் என்னும் வேட்கையினாலேயாம். பின்னாளிற் பா. தாவூத்ஷா அவர்கள் தாருல் இஸ்லாம் என்னும் இதழ் வாயிலாகவும், ஆ. கா. அப்துல் ஹமீது பாகவி அவர்கள் குர்ஆனின் தமிழாக்கத்தின் வாயிலாகவும் இத்தொண்டினை வளர்த்தனர்.

பிற நாட்டு முயற்சிகள்

1977ஆம் ஆண்டு மக்கா நகரிற் கூடிய முதலாவது உலக முஸ்லிம் கல்வி மாநாட்டில், கல்வி என்னும் பொருளைத் தரும் மூன்று அரபுச் சொற்கள் ஆராயப்பட்டன. தஃலீம் என்பது அறிவித்தல். தர்பிய்யா என்பது வளர்த்தல். தஃதீப் என்பது அதபு ஆகிய நன்னடை புகட்டுதல். மலேயா நாட்டறிஞர் நகீப் அல்-அத்தாஸ் மூன்றாவதே கல்வியின் உயிர் என வாதித்தார். மக்தபில் நாம் கண்ட ஓதல் இவற்றுள் முதலாவது; சிறுமியின் வினாவே மூன்றாவதன் வித்து.

இந்தோனேசியாவில் 1975ஆம் ஆண்டு மூன்று அமைச்சர்கள் கூடி விடுத்த ஆணையின்படி, மத்ரஸாக்களிற் பொதுப்பாடம் நூற்றுக்கு எழுபது, மார்க்கப்பாடம் முப்பது என வகுக்கப்பட்டது. அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 1951ஆம் ஆண்டு தோன்றிய சமஸ்த கேரள இஸ்லாம் மத வித்தியாப்பியாச போர்டு, வகுப்பு வாரியாகப் பாடநூல்கள் அச்சிட்டு, ஐந்தாம், ஏழாம், பத்தாம் வகுப்புகட்குப் பொதுத் தேர்வும் நடத்துகின்றது. சிதறிக் கிடந்த மக்தபுகளை ஓர் ஒழுங்கிற் கொணர்ந்தமை அதன் பெருஞ்சிறப்பு. இலங்கையில் இஸ்லாம் என்னும் பாடத்திற்கு அரசினரே தமிழிற் பாடநூல் அச்சிட்டுப் பள்ளிப் பிள்ளைகட்கு வழங்குகின்றனர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களினின்று திரும்பிய தமிழர் பலர் நீலகிரியிற் குடியேறினமையின், இச்செய்தி இம்மலைக்குப் புறம்பானதன்று.

நீலகிரியின் இயல்பு

இனி நீலகிரிக்கே உரிய நிலையை நோக்குவோம். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்துள்ள உதகமண்டலத்திலும், குன்னூரிலும், தமிழ் பேசும் இராவுத்தர் குடும்பங்களும் உருது பேசும் குடும்பங்களும் அடுத்தடுத்து வாழ்கின்றன. ஆயிரம் மீட்டர் அளவில் அமைந்த கூடலூர்ப் பகுதியோ 1877ஆம் ஆண்டிலேதான் மலபார் வயநாட்டினின்று பிரிந்து நீலகிரியுடன் சேர்ந்தது. அங்கு மலையாளம் பேசும் மாப்பிள்ளைமார் மிகுதி. சுற்றிலும் படகர், தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர் எனப் பல குடியினர். ஒரே தெருவில் வாழும் ஒரு பிள்ளை, வீட்டில் உருதுவும், தெருவில் தமிழும், மக்தபில் அரபும், பள்ளியில் ஆங்கிலமுமாக நான்கு மொழிகளின் நடுவே நிற்கின்றது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தின் பின்னர், வீட்டு மொழி யாதாயினும் எல்லாப் பிள்ளைகளும் பள்ளியில் தமிழ் எழுதப் படிக்கக் கற்கின்றனர். ஆதலின் ஒழுக்கப்பாடத்தை வீட்டு மொழியிற் பேசி, தமிழில் எழுதி வைத்தல் இம்மலைக்கு ஏற்றதென்பது நம் எண்ணம்.

நினைவிலே கிடக்கும் பாடத்திட்டம்

மேற்கூறியவற்றினின்று நாம் கண்ட உண்மை ஒன்று உண்டு. இஸ்லாமியத் தொடக்கப்பள்ளிக்கு ஒழுக்கப் பாடத்திட்டத்தை வெளியிலிருந்து கொணர்தல் வேண்டா. அது பிள்ளைகளின் நினைவிலேயே கிடக்கின்றது. பிள்ளைகள் முதலில் மனனம் செய்வது குர்ஆனின் முப்பதாம் பாகம். 78 முதல் 114 வரையுள்ள 37 அத்தியாயங்கள் அதில் அடங்கும். அவற்றுட் பல மிகச் சிறியன. இவற்றைப் பொருளோடு நோக்குவார்க்கு வியப்பே உண்டாகும். 83ஆம் அத்தியாயம் அளவையிற் குறைப்போரைக் கண்டிக்கின்றது. 93ஆவது, அநாதையை ஒடுக்காமலும் இரந்து வந்தோனை விரட்டாமலும் இருக்கப் பணிக்கின்றது. 102ஆவது பொருள் பெருக்கும் போட்டியைக் கடிகின்றது. 104ஆவது புறங்கூறுவோனையும் பழிப்போனையும் எச்சரிக்கின்றது. 107ஆவது, தொழுதும் அண்டை வீட்டார்க்குச் சிறு பொருளும் உதவாதவனைச் சுட்டுகின்றது. ஒரு தொடக்கப்பள்ளிக்கு வேண்டிய அறங்களுட் பெரும்பாலன இங்கேயே உள்ளன. பூட்டிய பெட்டியைப் பிள்ளை தலையிற் சுமக்கின்றது. திறவுகோலைக் கையிற் கொடுப்பதே ஆசிரியர் கடமை.

அத்திறவுகோல் மூன்று பற்களை உடையது. முதலாவது ஓதல், இது முன்னமே நன்கு நடைபெறுகின்றது. இரண்டாவது பொருள், பிள்ளை அறிந்த மொழியில், அதன் வாழ்க்கையினின்று எடுத்த ஒரு காட்சியோடு உரைத்தல். மூன்றாவது செயல், அவ்வாரத்தில் அப்பிள்ளை செய்யத்தக்க ஒரு சிறு காரியம். இம்மூன்றும் சேர்ந்ததே ஒரு பாடம்.

எடைப்பாடத்தை எடுத்துக்கொள்வோம். தேயிலை பறிப்போர் கூலியும், சிறு தோட்டக்காரர் வருவாயும் பச்சை இலையின் எடையைப் பொறுத்தன. மழைநாளில் இலையின் ஈரத்திற்கெனச் சிறிது கழிப்பதும் வழக்கம். எவ்வளவு கழித்தல் நேர்மை, எவ்வளவு கழித்தல் வஞ்சம் என்பது அம்மலைப் பிள்ளைகட்கு வெறுங்கணக்கன்று; இரவு உணவைப் பற்றிய கணக்கு. முழுநேரப் பள்ளியாயின் இதனைக் கணித வகுப்போடு இணைக்கலாம். தராசு ஒன்றைக் கொணர்ந்து, ஈர இலையையும் உலர்ந்த இலையையும் பிள்ளைகளே நிறுத்து, வேறுபாட்டை எழுதச் செய்யலாம். எடையிடுவோனாகவும் பறிப்போளாகவும் மாறிமாறி நிற்கச் செய்தல் இன்னும் நன்று. இவ்வாறு கற்ற பிள்ளை, அநீதியை அடையாளம் காணவும், தானே எடையிடும் நாளில் அநீதி செய்யாதிருக்கவும் ஒருங்கே கற்கும்.

அவ்வாறே, ஒளூச் செய்யும்போது ஓடும் ஆற்றங்கரையினும் நீரை வீணாக்கலாகாது என்னும் நபிவழிப் போதனையை, கோடையிற் குடிநீர்க்குழாயின் முன் வரிசையாகக் குடங்கள் காத்திருக்கும் மலையூரிற் கற்பித்தல் எளிது. வாரம் ஒரு நாள், ஒவ்வொருவரும் ஒரு குவளை நீரால் ஒளூச் செய்து பழகலாம். பாதையிற் கிடக்கும் இடரை அகற்றுதல் இறைநம்பிக்கையின் கிளைகளுள் ஒன்றென்னும் போதனையை, உல்லாசப் பயணிகள் எறிந்து செல்லும் புட்டிகளும் ஞெகிழிப் பைகளும் சிதறிய வழியிலே நடந்து காட்டலாம். அவ்வுடைந்த கண்ணாடி யானையின் காலையும் தைக்கும், தோட்டத் தொழிலாளியின் காலையும் தைக்கும். அண்டை வீட்டார் உரிமை என்னும் பாடத்தில், அண்டை வீட்டார் படகராயினும் கிறிஸ்தவராயினும் அவ்வுரிமை குறையாதென்பதை ஒரு பாத்திரம் கஞ்சியின் வாயிலாக உணர்த்தலாம். நோன்புக்கஞ்சியின் சுவையை நாம் அறிந்தது அவ்வழியாலேதான்.

தடைகள்

இம்முறைக்குத் தடைகள் இல்லாமல் இல்லை. முதலாவது, நேரம். ஒரு மணி நேரத்துள் ஐம்பது பிள்ளைகளின் ஓதலைக் கேட்டுத் திருத்தவேண்டிய ஆசிரியர், பொருள் கூற எங்ஙனம் பொழுது காண்பார்? வாரத்தில் ஒரு நாளை மட்டும் பொருளுக்கும் செயலுக்கும் ஒதுக்குதலே இயலக்கூடியது. இரண்டாவது, ஆசிரியர் நிலை. சிறு ஊதியத்தில் தொழுகை நடத்தலையும் பிள்ளைகளை ஓதவைத்தலையும் ஒருங்கே சுமக்கும் ஒருவரிடம், புதிய பாடமுறையை மட்டும் எதிர்பார்த்தல் நீதியன்று. அவர்கட்கு ஊதிய உயர்வும், பிள்ளை உளவியலில் ஒரு சிறு பயிற்சியும் ஜமாஅத்தார் அளித்தல் வேண்டும். அளவையிற் குறைக்கலாகாது என்னும் அத்தியாயம் இங்கும் பொருந்தும்.

மூன்றாவது தடையே நுண்ணியது. அது மதிப்பெண். ஒழுக்கம் பாடமாயின் தேர்வு வரும். தேர்வு வரின் ஒழுக்கத்தை மனனம் செய்து எழுதுவர். வாய்மையைப் பற்றிய வினாவிற்குப் பக்கத்திலிருப்போனைப் பார்த்து விடை எழுதுதலும் நிகழும்! நமது பென்சிற் பெட்டியின் கதையும் இதுவே. ஆதலின் ஓதலுக்கும் பொருளுக்கும் தேர்வு வைக்கலாம். செயலுக்கு மட்டும் மதிப்பெண் இடலாகாது. அவ்வாரம் தான் செய்ததையும், செய்யத் தவறியதையும் பிள்ளை தானே சொல்லும் ஒரு சிறு பொழுது போதும். தவறியதைச் சொன்ன பிள்ளையைத் தண்டியாமையே அவ்வகுப்பின் முதல் விதியாதல் வேண்டும்.

முடிவுரை

நேயர்களே, மிஷன் கல்லூரியில் பயிலும் நாம் இதனை அயலார் செய்தியெனக் கருதிக் கடந்து போதல் தகாது. நமது ஞாயிற்றுப்பள்ளிகளும், நீதிபோதனை வகுப்புகளும் இதே கேள்வியின் முன்னேதான் நிற்கின்றன. பிள்ளையின் நினைவில் நல்லனவற்றை இளமையிலேயே இட்டுவைக்கும் பொறுமையை மக்தபினின்று நாம் கற்கலாம். இட்டதைத் திறக்கும் முறையை இரு சாராரும் ஒருங்கே தேடலாம்.

விடுமுறை முடிந்து திரும்பும் நாளன்று அச்சிறுமியை மீண்டும் படிக்கட்டில் கண்டோம். கையில் நூலும், தோளில் தங்கையும் இருந்தனர். இன்று எந்தப் பாடம் என வினவினோம். அத்தியாயத்தின் அரபுப் பெயரைக் கூறினாள். நாம் கேளாமலே, "அநாதைப் பிள்ளையை விரட்டக்கூடாதுன்னு அர்த்தம்" என்றும் கூறி, பனியினுள் விரைந்து மறைந்தாள்.